கன்னம் ஒட்டிய மலைவேந்தர்

ஆரணியில் ஹீட்டர் வைத்த ஜீப் ஒன்றே ஒன்றுதான். மார்கழி மத்தியானத்திலும் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற ஊரில், கால்மாட்டில் சூடான காற்று ஊதும் பெட்டி எதற்கென்று யாரும் கேட்கவில்லை. ராணுவம் கழித்துப்போட்ட வண்டியைப் பட்டு வியாபாரி தனகோடி ஏலத்தில் எடுத்தபோதே அது உள்ளே இருந்தது. கழற்றினால் ஓட்டை தெரியும் என்று விட்டுவைத்தார்கள். அந்த ஜீப் ஒரு காலத்தில் எங்கேயோ பனிமலையில் ஓடியது என்பதற்கு அது ஒன்றுதான் மிச்சமிருந்த சாட்சி.

டிரைவர் ஜெயச்சந்திரனுக்கு அந்த ஒரு சாட்சி போதும். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரில், மூன்றாம் கியரில், எஞ்சின் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு வர, அவன் பாதி ஆரணியிலும் பாதி பனிமலையிலுமாகப் போவான். அரிசி ஆலைகளின் பக்கம் உமித்தூசு காற்றில் மிதந்து வரும். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வைவார்கள். ஜெயச்சந்திரன் வைப்பரைப் போட்டுவிட்டு, பனி பெய்கிறது என்று நினைத்துக்கொள்வான். ஊரில் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். ஆனால் தனகோடியிடம் வண்டி ஓட்டும் பதினோரு வருஷத்தில் ஒரு கோழி மேல்கூட அவன் ஏற்றியதில்லை. கோழி நிதானமாக யோசித்து முடிவெடுத்து ஒதுங்குவதற்கு வேண்டிய அவகாசத்தை அவன் எப்போதும் கொடுத்தான்.

அந்த ஜீப் இப்போது பழைய இரும்புக் கடைக்குப் போகிறதாக இருந்தது.

ஜீப் தனகோடியிடம் வந்து மூன்று வருஷம். கொதிக்க ஆரம்பித்து மூன்று வாரம். மூன்று ஞாயிற்றுக்கிழமையும் மலையடிவாரத்தில் ரேடியேட்டர் மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி வந்தது. மூன்றாவது ஞாயிறு தனகோடி இறங்கி நின்று, தன் பட்டு வேட்டியில் தெறித்த பச்சைத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

"இன்னும் ஒரே ஒரு வாட்டி கொதிக்கட்டும். மறுநாள் காத்தால இது இரும்புக் கடைல கெடக்கும். நீ வெள்ளக் காருக்கு வந்துடு."

வெள்ளைக் கார் போன மாசம் வாங்கியது. கியர் இல்லை. தானே சாலைக் கோட்டுக்குள் போகும், தானே பிரேக் போடும். டிரைவரின் இமை கொஞ்சம் தாழ்ந்தால் போதும், கீக்கீ என்று கத்தி, காப்பி குடிக்கச் சொல்லிப் படம் காட்டும். ஜெயச்சந்திரன் அதை ஒரு நாள் ஓட்டிப் பார்த்தான். வந்தவாசி போய்த் திரும்புவதற்குள் அது அவனை நாற்பத்தோரு தடவை எழுப்பிவிட்டது. அவன் ஒரு தடவைகூடத் தூங்கவில்லை என்பதுதான் அதில் வருத்தம். யோசித்துக்கொண்டு வருகிற மனிதனுக்கும் தூங்குகிற மனிதனுக்கும் அந்தக் காருக்கு வித்தியாசம் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க அதற்குள் உட்காருவதைவிட அவன் நடந்தே போவான்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்கு எதற்குப் போகிறார்கள் என்றால், ஆரணி வட்டார ஆஃப்ரோடு சங்கத்தின் வாராந்தரப் பயணம் அது. சாலையில்லாத இடத்தில் வண்டி ஓட்டி இயற்கையை வெல்வது சங்கத்தின் நோக்கம். தனகோடி தலைவர். அடுத்த தெருவில் பட்டுக் கடை வைத்திருக்கும் மணவாளன் செயலாளர். இருவரும் நெருங்கிய நண்பர்கள். அதாவது, ஒரே சரக்கை ஒரே ஊரில் விற்கிறவர்கள். உறுப்பினர் என்று யாரும் இல்லை. சேருகிறேன் என்று வந்த ஒன்றிரண்டு பேரும், பதவி ஏதும் மிச்சமில்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போனார்கள். தலைவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. செயலாளருக்குத் தெரியும், ஆனால் மேட்டைக் கண்டால் தலை சுற்றும். ஆகவே இயற்கையை வெல்லும் பொறுப்பு ஜெயச்சந்திரனிடம் இருந்தது.

இரண்டு மாசத்துக்கு முன்னால் சங்கம் தொடங்கிய அன்றைக்கே ஒரு பேனர் வேண்டும் என்று பேச்சு வந்தது. மணவாளன் ஃப்ளெக்ஸ் அடிக்கலாம் என்றார். தனகோடிக்கு அது அவமானமாகப் பட்டது.

"ஃப்ளெக்ஸ் எல்லாம் காதுகுத்துக்குப்பா. நம்ம வூட்ல தறி ஓடிகினு இருக்கும்போது, பிளாஸ்டிக்ல இன்னாத்துக்கு மூஞ்சிய போடணும்?"

அப்படியே நெய்தார்கள். தறியில் உருவம் விழவைக்கும் ஜக்கார்டு அட்டையில் தலைவரின் முகத்தை வெட்டி, நாலரை அடி அகலத்தில், நீளவாட்டில் மூன்று இழைப் பாவு, குறுக்கே மூன்று இழை ஊடை, மீசைக்கு மட்டும் தனி ஜரிகை என்று இருபத்தாறு நாள் நெய்தார்கள். பேனர் வந்த பிறகுதான் முதல் பயணமே. முகத்துக்குக் கீழே 'மலைவேந்தர்' என்று தங்க எழுத்து. ஊரில் இருக்கும் மலைகளை அவர் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஆனால் பேனர் முன்கூட்டியே நெய்யப்பட வேண்டிய பொருளாயிற்றே.

அந்தப் பட்டின் நெருக்கத்தைப் பற்றித் தனகோடி பேசாத நாளில்லை. கடைக்கு வருகிற யாரையும் அவர் சும்மா அனுப்பமாட்டார். சேலையின் முந்தானையை அவர்கள் வாய்க்கு நேரே பிடித்து ஊதச் சொல்வார். மறுபக்கம் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திப் பிடிப்பார். சுடர் அசையாது. "பாத்தியா? தனகோடி பட்டுல காத்து பூராது" என்பார். கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த பெண்கள் கன்னம் வலிக்க ஊதிவிட்டுப் போனார்கள். போட்டிக்கு மணவாளனும் தன் கடையில் ஊதச் சொன்னார். ஆனால் அவர் தீக்குச்சியைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பதாக ஊரில் பேச்சு இருந்தது.

மெக்கானிக் அருணாச்சலம் இந்த மூன்று வாரத்தில் செய்யாத வைத்தியம் இல்லை. பழைய தண்ணீரை இறக்கிவிட்டுப் பச்சைக் கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றினார். ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே கழுவினார்; அரை டம்ளர் செம்மண் வந்தது. புது மூடி, புது ஃபேன் பெல்ட், புது தெர்மோஸ்டாட். ஒவ்வொரு தடவையும் வண்டியைத் தானே ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வெப்பம் காட்டும் முள் பாதியில் வந்து சமத்தாக உட்கார்ந்துகொண்டது.

"எங்கிட்ட குழந்த மாரி கீது" என்றார் அருணாச்சலம் சனிக்கிழமை சாயங்காலம், கையைத் துடைத்துக்கொண்டே. "உன்கிட்டதான் மொரண்டு பண்ணுது. இன்னாடா, தூங்கிகினே ஓட்டுறியா?"

"முள்ள பாத்துகினேதாண்ணா ஓட்டுறேன். கண்ண மூடுனாலும் முள்ளுதான் தெரியுது."

"அப்ப வண்டில ஒன்னும் இல்ல. படவேட்டு அம்மனுக்கு ஒரு கற்பூரம் ஏத்திட்டு எடு."

முள்ளைப் பற்றி அவன் சொன்னது உண்மைதான். அவன் கண்ணை மூடினால் இருட்டுக்குள் ஒரு வட்டம் பச்சையாக ஒளிர்ந்தது. அதற்குள் முள் ஏறியது, இறங்கியது. மூச்சு விடுகிற நெஞ்சைப் போல.

ஞாயிறு காலை தனகோடியின் வீட்டு வாசலில் பேனர் கட்டும் வைபவம் நடந்தது. வாரம் முழுக்க அது பீரோவில், வெள்ளைத் துணிக்குள், வேப்பிலைக்கும் பூச்சி உருண்டைக்கும் நடுவே இருக்கும். வண்டி பட்டறைக்குப் போகும்போது அது கூடப் போகாது. எண்ணெய்க் கைகள் படும் இடத்துக்கு மலைவேந்தர் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும், தட்டில் வைத்து எடுத்து வந்து, ஜீப்பின் மூக்கில், இரண்டு விளக்குகளுக்கும் நடுவே, கம்பி அழிகளை முழுக்க மூடி நாலு மூலையிலும் இழுத்துக் கட்டுவார்கள். தேங்காய் உடைப்பார்கள். தலைவர் தன் முகத்தைத் தானே ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்.

ஜெயச்சந்திரன் எஞ்சினை எழுப்பிவிட்டு, கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க முன்னால் வந்தான். பானெட்டைத் தூக்கி, கையை நீட்டி ஆக்சிலரேட்டர் கம்பியை ஒரு இழு இழுத்தான். உள்ளே விசிறி வேகம் எடுத்தது.

மலைவேந்தரின் கன்னங்கள் இரண்டும் உள்ளே ஒட்டின.

அவன் கம்பியை விட்டான். கன்னங்கள் பழையபடி உப்பின. இழுத்தான், ஒட்டின. நல்ல சாப்பாட்டில் வளர்ந்த அந்த முகம், விசிறி சுற்றும்போதெல்லாம் ஒரு மாசம் பட்டினி கிடந்த முகமாகிப் பின்னால் இருக்கும் அழிகளோடு ஒட்டிக்கொண்டது. விசிறி காற்றுக்காக வாயைப் பிளக்கிறது, வாயில் பட்டு. ரேடியேட்டருக்குள் தண்ணீர் சூட்டைச் சுமந்துகொண்டு வந்து, இறக்கி வைக்க ஒரு ஊது காற்று கிடைக்காமல், அதே சூட்டோடு எஞ்சினுக்குத் திரும்பிப் போகிறது. அருணாச்சலத்திடம் குழந்தையாக இருந்தது ஏனென்றும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேயாவது ஏனென்றும் ஜெயச்சந்திரனுக்கு ஒரே நொடியில் விளங்கியது. கோளாறு எஞ்சினில் இருந்தால் கழற்றலாம். முதலாளியின் முகத்தை எப்படிக் கழற்றச் சொல்வது?

சொல்லிப் பார்த்தான். "மொதலாளி, இந்தத் துணிய கொஞ்சம்..."

"துணியா?" என்றார் தனகோடி.

அந்த ஒரு சொல்லோடு பேச்சு முடிந்தது. ஜெயச்சந்திரன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். தலைவர் அவன் பக்கத்தில், செயலாளர் பின்னால். இருவருமே பட்டுச் சட்டை, ஜரிகை வேட்டி, கறுப்புக் கண்ணாடி.

சந்தவாசல் போவதற்குள் முள் முக்காலைத் தொட்டது. ஜெயச்சந்திரன் யோசித்தான். எஞ்சினைச் சுற்றும் அதே சுடுதண்ணீரில் ஒரு கிளை, கால்மாட்டில் இருக்கும் ஹீட்டருக்குள்ளும் போய்த் திரும்புகிறது. ஹீட்டரைத் திறந்துவிட்டால் அது ஒரு சின்ன ரேடியேட்டர். முன்பக்கம் இறக்க முடியாத சூட்டைக் கொஞ்சம் உள்பக்கம் இறக்கலாம். இறங்குகிற இடம் முதலாளியின் முழங்கால் என்பதுதான் ஒரே சங்கடம்.

அவன் குமிழைக் கடைசி வரை திருப்பினான்.

பனிமலையில் யாரோ ஒரு சிப்பாயின் விரைத்த கால்களுக்காகச் செய்த காற்று, ஆவணி மாதத்து வெயிலில், தனகோடியின் வேட்டிக்குள் புகுந்து வந்தது. அவர் வேட்டியை முழங்கால் வரை வழித்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"இன்னாடா இது, கீழ அடுப்பு வெச்ச மாரி கீது?"

"ஹீட்டருங்க மொதலாளி. மிலிட்டரில மலை ஏறுனா இத போட்டுகினுதான் ஏறுவாங்க."

மிலிட்டரி என்றதும் தனகோடி முதுகை நிமிர்த்தினார். திரும்பி மணவாளனிடம், "ஹீட்டர் போட்டுகினுதான்பா மலை ஏறணும். ரூல் அது" என்றார், தானே அந்த ரூலைப் போட்டவர் மாதிரி.

"தெரியுமே" என்றார் மணவாளன். அவர் கழுத்திலிருந்து வேர்வை காலருக்குள் ஓடியது. "உங்களுக்கு வேர்க்குதா தலைவரே?"

"எனக்கு எங்க வேர்க்குது? உனக்கு?"

"எனக்குக் குளுருது."

முள் முக்காலிலிருந்து ஒரு மயிரிழை இறங்கியது. படவேட்டின் வாழைத் தோப்புகள் இரண்டு பக்கமும் பச்சையாக மெதுவாக நகர்ந்தன. ஓடையில் இறங்கும் இடத்தில் நாலு பெண்கள் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நிமிர்ந்து, வருகிற ஜீப்பின் மூக்கில் ஒரு மனிதன் கன்னத்தை உறிஞ்சிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். தனகோடி கும்பிட்டார். "ஜனங்க எவ்ளோ பிரியமா கீறாங்க பாரு."

வெப்பத்தில் எல்லாம் அலையலையாக ஆடியது. தோப்பு ஆடியது, பாதை ஆடியது, ஜவ்வாது மலையே தண்ணீருக்குள் இருப்பதைப் போல நெளிந்தது. ஹீட்டரின் மூச்சும் எஞ்சினின் மூச்சும் ஒன்றாகி, யாரோ காதோரம் நெடுநேரமாக ஏதோ சொல்லிக்கொண்டு வருகிற மாதிரி ஜெயச்சந்திரனுக்குத் தோன்றியது. என்ன சொல்கிறது என்றுதான் பிடிபடவில்லை. மூச்சு முட்டுகிறவர்களின் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

தார் ரோடு முடிந்து மண் பாதை ஏறத் தொடங்கியதும் ஹீட்டரின் உதவி போதாமல் போயிற்று. முதல் திருப்பத்தில் முள் மறுபடி முக்கால். இரண்டாவதில் சிவப்புக்கு ஒரு விரல். மூன்றாவதில் ஒரு நூல்.

ஜெயச்சந்திரன் சமதரையாக ஒரு இடம் பார்த்து நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை, அணைத்தால் தண்ணீர் சுற்றுவது நின்று, நின்ற இடத்திலேயே கொதித்துவிடும். கியரை எடுத்துவிட்டுக் கொஞ்சம் வேகமாகவே ஓடவிட்டான். முள் அந்த நூலைத் தாண்டாமல் நடுங்கிக்கொண்டு நின்றது.

"டீ ரெடியா?" என்றார் மணவாளன் பின்னாலிருந்து. போன மூன்று வாரமும் அவர் இதையேதான் கேட்டார். "நாலாவது வாரம் தலைவரே. சங்கத்துக்கு ஃப்ளாஸ்க் வாங்கற செலவு மிச்சம்."

தனகோடி இறங்கினார். வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எண்ணைத் தேடினார். "கோபிநாத் நம்பர் வெச்சிருந்தேனே, இரும்புக் கட கோபிநாத்து..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"இன்னும் கொதிக்கலீங்க மொதலாளி."

"கொதிக்கறதுக்கு நான் நின்னு பாக்கணுமா?"

ஜெயச்சந்திரனும் இறங்கி முன்னால் வந்தான். மலைவேந்தர் எலும்பும் தோலுமாக அழிகளோடு ஒட்டியிருந்தார். ஜரிகை மீசை மட்டும் முறுக்கு கலையாமல் மின்னியது. எதைச் சொன்னாலும் அது முதலாளியின் முகத்தைக் குறை சொல்வதாகும். எதையும் சொல்லாவிட்டால் நாளைக்குக் காலையில் வெள்ளைக் கார். அவன் பட்டின் மேல் கையை வைத்தான். அப்படியே, தூக்கத்தில் பேசுகிறவனைப் போல, அந்த வார்த்தை தானாக வந்தது.

"இன்னா நெசவுங்க இது."

தனகோடி போனிலிருந்து நிமிர்ந்தார்.

"இல்ல மொதலாளி, நானும் பாத்துகினே வரேன். உள்ள ஃபேன் எப்படி இழுக்குது பாருங்க. ஒரு ஆளயே இழுத்துடும் அது. அது அவ்ளோ இழுத்தும் இந்தப் பட்டுக்குள்ள ஒரு பொட்டு காத்து பூரல. வண்டி மூச்சு முட்டுது. வேற யாரு நெய்ஞ்சிருந்தாலும் இந்நேரம் ஜல்லடையா காத்து போயிருக்கும்."

தனகோடியின் முகத்தில் இரண்டு விதமான உணர்ச்சி ஒரே நேரத்தில் வந்து இடித்துக்கொண்டு நின்றது. "அதனால?"

"அதனாலதாங்க கொதிக்குது. வண்டி மேல தப்பு இல்ல. பட்டு அவ்ளோ நெருக்கம்."

மணவாளன் வண்டியிலிருந்து குதித்தார். இதுவரை வராத சுறுசுறுப்பு வந்திருந்தது. "சேச்சே. ஏம்பா, தலைவர் பேனரப் போயி குத்தம் சொல்றியே? அதுல தாராளமா காத்து போவும். வண்டிதான் ஓட்ட. நீங்க போன் போடுங்க தலைவரே."

"இன்னா சொன்ன?" என்றார் தனகோடி.

"காத்து போவும்னேன்."

"என் பட்டுலயா?"

மணவாளன் கறுப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நீங்களே யோசிங்க. காத்து பூரலன்னா, நீங்கதான் உங்க வண்டிய மூணு வாரமா மூச்சு முட்ட வெச்சீங்கன்னு ஆவுது. பூருதுன்னா, வண்டி மேல தப்பு. உங்க மேல ஒன்னும் இல்ல. எது வோணுமோ வெச்சிக்குங்க."

தனகோடி பேனரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், அடுத்த தெருவில் கடை வைத்திருக்கும் தன் நெருங்கிய நண்பரைப் பார்த்தார். மூன்று வாரம் முட்டாளாக இருந்தேன் என்று ஒப்புக்கொண்டால் பட்டு பிழைக்கும். புத்திசாலி என்று நிலைநாட்டினால், சாயங்காலத்துக்குள் ஆரணி முழுக்க, தனகோடி பட்டு ஜல்லடை என்று பரவிவிடும். பரப்புகிறவர் எதிரிலேயே நிற்கிறார். அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வியாபாரிக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

"அவுருடா அத" என்றார்.

ஜெயச்சந்திரன் நாலு முடிச்சையும் அவிழ்த்தான். பட்டு விலகியதும் அழிகளுக்குள் காற்று புகுந்த சத்தம் அவனுக்குக் கேட்டது; தண்ணீருக்குள் இருந்தவர் தலையைத் தூக்கி இழுக்கும் முதல் மூச்சு மாதிரி.

"இப்ப ஏத்து. முள்ளு எறங்குனா எம்பட்டு அசல். மணவாளா, நீ முன்னாடி உக்காந்து பாரு. கண்ணாடிய கழட்டிட்டுப் பாரு."

"அந்த ஹீட்டர அணைக்கணும்" என்றார் மணவாளன். "அத போட்டுகினு எறக்கினா கணக்குல சேராது."

ஜெயச்சந்திரன் குமிழைத் தொடாமல் முள்ளைப் பார்த்தான். முள் இன்னும் சிவப்பின் வாசலிலேயே நிற்கிறது; மேலே, பயணம் முடிகிற பாறைக் குட்டை வரைக்கும் இன்னும் இரண்டு திருப்பம், அதுவும் செங்குத்து. ஆனால் தனகோடி, "அணைடா. சுத்தமா இருக்கணும் பரீட்ச" என்றுவிட்டார். அவன் குமிழை மூடினான். இரண்டாம் கியரில் போட்டான். எஞ்சின் திணறாமல், தண்ணீர் பம்பும் விசிறியும் நன்றாகச் சுழலும் வேகத்தில், சக்கரம் மட்டும் மாட்டு வண்டியைப் போல ஊர்ந்து ஏற, பிடித்தான்.

முதல் திருப்பத்தில் முள் சிவப்பைத் தொட்டது. மணவாளன் இருக்கையின் நுனிக்கு வந்தார். பின்னால் தனகோடி, தன் முகத்தை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரின் தோளுக்கும் நடுவே தலையை நீட்டினார். ஜெயச்சந்திரனுக்கு எல்லாம் வெகு தூரத்தில் நடப்பதாக இருந்தது. மரங்கள் ஒவ்வொன்றாக வந்து, வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டன. மேலேயிருந்து, ஈர மண் வாசனையோடு ஒரு காற்று இறங்கி வந்து ரேடியேட்டருக்குள் நேராக நுழைந்தது. அது அழிகளைத் தாண்டி, தகடுகளுக்கு நடுவே, கொதிக்கிற குழாய் ஒவ்வொன்றையும் தடவிக்கொண்டு போவதை அவன் தன் தோலிலேயே உணர்ந்தான். காய்ச்சல்காரன் நெற்றியில் கை வைப்பது மாதிரி.

முள் அசைந்தது.

"எறங்குது" என்றார் தனகோடி.

"மேடு பள்ளத்துல ஆடுது."

"எறங்குதுடா."

இரண்டாவது திருப்பத்தில் முக்கால். பாறைக் குட்டையை அடைந்து, வண்டியைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தியபோது, முள் பாதிக்கு வந்து, அருணாச்சலத்தின் பட்டறையில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தது. தனகோடி அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் எத்தனையோ பேர் அவர் பட்டைப் புகழ்ந்திருக்கிறார்கள். வாங்கவோ விற்கவோ ஏதும் இல்லாத ஒன்று புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஃபேன் இழுத்தும் பூரலப்பா" என்றார், யாரிடம் என்றில்லாமல். "மனுஷன் ஊதி இன்னா தெரியப்போவுது? இனிமே வாங்க வர்றவங்கள இங்க இட்டுகினு வந்துடலாம். சேலைய முன்னாடி கட்டு, முள்ளு ஏறும். அவுரு, எறங்கும். முடிஞ்சிது. இந்த வண்டிய எவனாவது இரும்புக்குப் போடுவானா? இது வண்டியே இல்லப்பா, தராசு."

ஜெயச்சந்திரன், ரேடியேட்டரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற பாவனையில் முன்னால் போய்க் குனிந்து நின்றான்.

மணவாளன் சும்மா இருக்கவில்லை. தோளில் இருந்த தன் கடை அங்கவஸ்திரத்தை எடுத்து உதறினார். "அப்ப என்னுதையும் கட்டு. பாத்துடலாம்."

கட்டினார்கள். குட்டையைச் சுற்றி மூன்று வட்டம் போனார்கள். மேலே காற்று குளுமையாக இருந்தது. பாதை சமமாக இருந்தது. அங்கவஸ்திரம் ஒற்றை இழை. முள் பாதியை விட்டு நகரவில்லை. ஜீப் மலைக்காற்றில் உல்லாசமாகச் சுற்றியது. மூன்றாவது வட்டத்தில் தனகோடி சிரிக்க ஆரம்பித்தார். பத்து வருஷத்துக்குத் தேவையான சிரிப்பை அங்கேயே சிரித்து முடித்தார்.

வெயில் சாயும்போது இறங்கினார்கள். மலைக்காற்றில், ஈரம் காயாத பட்டுச் சட்டையோடு, தனகோடிக்கு நிஜமாகவே குளிர் எடுத்தது. மடியிலிருந்த பேனரைப் பிரித்துப் போர்த்திக்கொண்டு பின் இருக்கையில் சாய்ந்தார். தோப்புகளின் நிழல் அவர் மேல் ஏறி இறங்கிக்கொண்டு வந்தது. மேலே ஒரு தனகோடி வாயைத் திறந்து தூங்க, கீழே வயிற்றின் மேல் இன்னொரு தனகோடி கண்ணை விழித்துக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு உயர்ந்து தாழ்ந்தார்.

அவர் நன்றாகத் தூங்கிவிட்டாரா என்று மணவாளன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு ஜெயச்சந்திரன் பக்கம் சரிந்து, குரலைத் தாழ்த்தினார். பதினோரு வருஷத்தில் அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ஜெயச்சந்திரா."

"சொல்லுங்க."

"அடுத்த வாரம் நம்ம கட சேல ஒன்னு எடுத்தாறேன். நல்ல சேலதான். அத கட்டும்போது மட்டும் நீ கொஞ்சம்... எஞ்சின தெணற வெச்சி, மேட்டுல ரெண்டு நிமிஷம் கூட நிறுத்தி... உனுக்கு தெரியாததா? கொதிச்சுடணும்ப்பா. ஆவி வரணும்."

ஜெயச்சந்திரன் முள்ளைப் பார்த்தான். பாதைக்கு மேல் புழுதி பொன்னிறமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கோழி நடுவில் வந்து நின்று, ஜீப்பைப் பார்த்து, யோசித்தது. அவன் வேகத்தை இன்னும் குறைத்தான். ஆரணியின் இரண்டு பெரிய பட்டுக் கடைகளின் மானமும் இப்போது தன் வலது பாதத்துக்குக் கீழே இருப்பதை அவன் செருப்பு வழியாக உணர்ந்தான். இரண்டு பேருக்கும் ஆயுசு கெட்டி. வண்டிக்கும் இனி கெட்டிதான்.

"கொதிக்கல்லாம் வெக்க முடியாதுங்க" என்றான். "எஞ்சின் ஹெட்டு போயிடும். முக்கா வரைக்கும் ஏத்தித் தரேன்."

"முக்காலுக்கு மேல ஒரு நூலு?"

கோழி ஒதுங்கியது.

"பாக்கலாங்க" என்றான் ஜெயச்சந்திரன்.